தீபம் பார்த்துவிட்டுப் போகலாம்

1

ஊரில் யாராவது "அங்க இன்னா வேல பாக்கறம்மா?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே பதில்தான். உண்மையில் நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வயது தாண்டியவர்களைப் போனில் கூப்பிட்டு, "வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரம்தான் ஆகும்" என்று கெஞ்சுவது என் வேலை. வந்தவர்களுக்குக் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதும் நான்தான். ஆனால் வராதவர்களை விடாமல் நச்சரிக்கத்தான் முக்கியமாகச் சம்பளம் தருகிறார்கள்.

மாரடைப்பையும் பக்கவாதத்தையும் நாடு முழுக்கக் குறைத்தே தீருவது என்று இந்த அரசாங்கம் கங்கணம் கட்டியிருக்கிறது. மேலே அதிகாரிகள் தடித் தடியாக அறிக்கை எழுதுகிறார்கள். பஸ்ஸின் முதுகில் வாய் கோணிய முகத்தைப் படமாகப் போட்டு, இப்படி ஆனால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ஊர் ஊராக ஓட்டுகிறார்கள். அதெல்லாம் இறங்கி இறங்கி வந்து கடைசியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் ஒரு பெயர்ப் பட்டியலாக நிற்கும்.

சேர்ந்த புதிதில் ஒருவரிடம் நம்மூர் வழக்கப்படி "உங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். இங்கே ரத்த அழுத்தம் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வெறும் பிரஷர் என்றால் வாழ்க்கை நெருக்கடி. அந்த மனுஷர் இருபது நிமிஷம் தன் முதலாளியைப் பற்றியும் மகளின் விவாகரத்தைப் பற்றியும் கொட்டித் தீர்த்தார். ரொம்ப நாளாக என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று நன்றி வேறு சொன்னார். பரிசோதனைக்கு மட்டும் வரவில்லை.

எங்கள் நர்ஸ் ஜேனட் ஒரு நாள் ஒரு விஷயம் சொன்னாள். இந்த நாட்டில் ரொட்டி செய்கிறவர்களோடு பேசி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார்களாம். சாப்பிடுகிறவர்கள் நாக்குக்குத் தெரியாத அளவுக்கு, வருஷக்கணக்காக. நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு நாட்டுக்கே தெரியாமல் உப்பைக் குறைத்துவிடலாம். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என் அண்ணிக்குத் தெரியாமல் குழம்பில் ஒரு கல் உப்பைக் குறைக்க முடியாது.

வேடிக்கையாக ஆரம்பித்துவிட்டேன். எழுத வந்தது வேடிக்கை இல்லை. இந்த வாரம் கார்த்திகை தீபம். போன வருஷம் தீபத்தன்று என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அது வந்ததை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என்னவென்று அந்த நிமிஷமே தெரிந்துகொண்டவளும் நான்தான்.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அண்ணன்தான். என்னை வேலூருக்கு அனுப்பி மருந்தாளுநர் படிப்பு படிக்க வைத்தது அவர். லண்டன் மாப்பிள்ளை என்று சொல்லி வந்த வரனை விசாரித்து, லண்டன் இல்லை, லண்டனிலிருந்து நாலு மணி நேரம் வடக்கே என்று கண்டுபிடித்தும் கட்டிக்கொடுத்தது அவர். அவர் ஒரு நாளும் எங்களை அதட்டியதில்லை. அதனாலேயே அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுவார். அதோடு கிரிவலப் பாதையில் ஒரு சோடாக் கடை. எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகையாக உப்புப் போட்டு, மலை சுற்ற வருகிறவர்களுக்குக் கொடுப்பார். "நடந்து வர்றவங்களுக்கு உப்புதான் தெம்பு" என்பார். தானும் குடிப்பார். பௌர்ணமியன்று எத்தனை குடிப்பார் என்று அவருக்கே தெரியாது.

ஐம்பத்தைந்து வயதில் அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. தெரிய வைத்தவள் செல்வி. எங்கள் பக்கம் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாசா மாசம் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பெண். ஸ்கூட்டியின் முன்பக்கம் மாத்திரைப் பை, தோளில் மிஷின். நான் இங்கே ஹெட்போனில் செய்வதை அவள் அங்கே வெயிலில் செய்கிறாள். இங்கே என்னை யாரும் நேருக்கு நேர் திட்டுவதில்லை, போனை வைத்துவிடுவார்கள். அவளை நாய் துரத்தியிருக்கிறது.

அண்ணன் செல்வியிடம் மரியாதையாக நடந்துகொள்வார். மாத்திரையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். நோட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். தலை கனமாக இருக்கும் நாளில் ஒன்று எடுத்து விழுங்குவார். செல்வி வருவதற்கு முந்தின நாள் மட்டும் மறக்காமல் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

"பாத்தியா பாப்பா, கம்மியாயிடுச்சுன்னு செல்வியே சொல்லிச்சு" என்று போனில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"தினமும் போடணும்ணா. கம்மியானாலும் போடணும்."

"மாசா மாசம் மலய சுத்தறவன் நானு. பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாம. எனக்கு எப்டி ஹார்ட்டு கெட்டுப்போவும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சிரித்துவிட்டேன். இங்கே ஒரு லாரி டிரைவர் இதையே வேறு மாதிரி சொன்னபோது அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன், படம் போட்டுக் காட்டினேன். அண்ணனுக்குப் படம் போட எனக்கு வாய் வரவில்லை.

3

தீபத்தன்று எங்கள் வீட்டில் எல்லாரும் விரதம். காலையிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணீர் படாது. சாயந்திரம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறும். மொட்டை மாடியிலிருந்து பார்த்து, அரோகரா சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து பாயசமும் பொரி உருண்டையும் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். இங்கே வந்த பிறகு எனக்கு அதெல்லாம் விட்டுப்போனது. குளிரில் வெறும் வயிற்றோடு பஸ் பிடிக்க முடியவில்லை என்பது நான் சொல்லிக்கொள்ளும் சாக்கு.

போன வருஷம் காலை ஏழரை மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மதியம் ஒரு மணி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. "இன்னா பாப்பா" என்றார். அந்த மூன்றாவது எழுத்திலேயே போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தேன். நாக்கு தடித்துப்போன மாதிரி ஒரு குரல். வாயின் வலது ஓரம் கீழே தொங்கியது.

போன் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதா என்று முதலில் நினைத்தேன். இல்லை, நினைக்கப் பார்த்தேன்.

"ண்ணா, ரெண்டு கையையும் நேரா தூக்கு."

"எதுக்கு?"

"சும்மா தூக்குண்ணா."

இடது கை நின்றது. வலது கை மெதுவாக இறங்கி மடியில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

அண்ணியைக் கூப்பிட்டேன். காஞ்சனா அண்ணி பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "குளிச்சிட்டு வந்ததுலருந்து அப்டிதாம்மா இருக்காரு. ஒடம்பு சோந்து போச்சு. வெரதம் இல்ல? தீபம் பாத்துட்டு ஒரு வாய் பாயசம் குடிச்சா தெளிஞ்சிடும்."

"அண்ணி, இது சோர்வு இல்லீங்க. இது ஸ்ட்ரோக். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இடது கையை ஆட்டினார். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வந்தன, ஆனால் புரிந்தது.

"தீபம் பாத்துட்டு போலாம் பாப்பா. அஞ்சு மணி நேரந்தான். இன்னிக்கு வெரதத்த முறிச்சிட்டு ஊசி போட்டுக்க சொல்றியா?"

ஊசி போட்டால் விரதம் முறியுமா முறியாதா என்று அந்த நேரத்தில் நான் யோசித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் ஏதோ ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது என்று சுவரில் ஒட்டியிருக்கும் அறையில்தான் எனக்குத் தினமும் வேலை. யார் வீட்டிலிருந்தோ ஒரு வெள்ளைக்காரி இதையே சொல்லியிருந்தால் போனை வைக்கவே விட்டிருக்க மாட்டேன். அவள் புருஷன் மறுத்தால் அவனையும் அதட்டியிருப்பேன்.

அண்ணனை அதட்ட வரவில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு, மறைத்து என்ன பயன். இன்றைக்குப் போய் அண்ணாமலையார் கைவிடுவாரா என்று எனக்குள்ளேயே ஒரு மூலை சொன்னது. படித்தவள் என்று பெயர் எடுத்த மூலைக்கும் அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஒரு நிமிஷம்கூட நடக்கவில்லை.

"சரிண்ணா" என்றேன்.

அன்று காலை கிளினிக்கில் பதினோரு பேரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டரைக்கு அண்ணி மறுபடி கூப்பிட்டார், தீபத்தைக் காட்ட. இரண்டு பேர் கைத்தாங்கலாக அண்ணனை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். மலை உச்சியில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது, ஊரே அரோகரா என்று கத்தியது. அண்ணன் கும்பிட்டார். ஒரு கை மட்டும் நெற்றிக்குப் போனது.

4

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "மத்தியானம் சார், வெரதம் சார், அதான் தீபம் பாத்துட்டு வந்தோம்" என்று அண்ணி சொன்னாராம். டாக்டர் அதை எழுதிக்கொண்டாராம். அவர்கள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். உயிர் இருந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

நான் ஊருக்குப் போக ஒன்பது நாள் ஆனது. அவசர விடுப்புக்கான படிவத்தில் ஒரு கட்டம்: நோயாளி உங்களைச் சார்ந்து வாழ்பவரா? அண்ணன் என்னைச் சார்ந்து வாழவில்லை. நான்தான் அவரைச் சார்ந்து வளர்ந்தவள். அதற்குக் கட்டம் இல்லை. தாயா, தந்தையா, துணைவரா, பிள்ளையா என்று கேட்டு, இதர என்பதைக் குறித்து, இதர என்றால் என்ன என்று விளக்கி ஒரு கடிதம் எழுதி, அது மேலே போய் இறங்கி வந்தது. அண்ணன் என்பதற்கு இங்கே ஒரு வார்த்தை இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை.

நான் இருந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அண்ணனை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். கூட்டம் அதிகம். முறை வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பேர் சொல்லுங்கய்யா" என்றார். அண்ணனுக்கு மூன்று வார்த்தைதான் மிச்சம். வா, ஆங், இல்ல. அவர் முகத்தைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்து, "வா" என்றார்.

நாங்கள் பதறிவிட்டோம். அந்த ஆள் ஒரு நொடி விழித்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். "வந்துட்டேன் சொல்லுங்கய்யா" என்றார். அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது செல்வி எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த பிஸ்கட் டப்பாவ பாத்தேன்க்கா" என்றாள். "ஆறு மாசத்து மாத்திர அப்டியே கீது. நான் குடுத்தேன், கையெழுத்து வாங்கினேன். என் நோட்டுல அண்ணனுக்கு எல்லா மாசமும் டிக்கு. முழுங்க வெக்கிறதுக்கு நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

"உன் மேல ஒண்ணும் தப்பு இல்ல செல்வி."

"அது இல்லக்கா." அவள் என் கண்ணைப் பார்த்தாள். "நீங்க போன்ல பாத்தீங்களாமே. அண்ணி சொன்னாங்க. அன்னிக்கு மலசுத்தற பாதையில மருத்துவ முகாம்ல எனக்கு ட்யூட்டி. இங்கருந்து ஒரு கிலோமீட்டர். எம் பக்கத்துல ஆம்புலன்ஸ் நின்னுட்டு இருந்துது. எம் நம்பர் உங்ககிட்ட இருக்குதில்ல? ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா."

இருந்தது. வாட்ஸாப்பில் மேலேயே இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் தீபத்துக்கு வாழ்த்து அனுப்பியிருந்தேன்.

5

என் மகன் நிதினுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேசத் தெரியாது என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி நாங்களும் சொல்லிக்கொள்கிறோம். புரிவதும் குறைந்துகொண்டு வருகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

நான் ஊரிலிருந்து திரும்பிய வாரம், சாப்பாட்டு மேஜையில் அவன் ஆங்கிலத்தில் கேட்டான், "உனக்கு அது என்னவென்று தெரிந்திருந்ததா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரி என்று சொன்னாய்?"

விரதம், தீபம், அண்ணன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் கலந்து கலந்து சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அவன் வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்ததும், "அம்மா, அதில் ஒன்றுமே பதில் இல்லை" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஊருக்குப் போனில் பேசச் சொன்னால் நழுவுகிறவன், அண்ணனுக்குப் பேச்சு போன பிறகு கொஞ்ச நாள் ஆசையாகப் பேசினான். இவனிடம் பத்து தமிழ் வார்த்தை, அவரிடம் மூன்று. "மாமா, சாப்டியா?" "ஆங்." "வலிக்குதா?" "இல்ல." "நான் வரட்டா?" "வா, வா." இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர்களுக்குள் அவ்வளவு சரளமான பேச்சு அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. கோடையில் அவனுக்குப் பரீட்சை வந்தது, பிறகு கால்பந்து, பிறகு ஒரு சிநேகிதி. இப்போது நான் ஞாபகப்படுத்தினால் பேசுகிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே அந்த மூன்று வார்த்தையை வாரா வாரம் கேட்கத் தெம்பு இல்லை.

6

பத்து நாளைக்கு முன் செல்வி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அண்ணனைப் பற்றி இல்லை. அண்ணியைப் பற்றி.

"அக்கா, அண்ணிக்கு இந்த மாசம் பிரஷர் நூத்தித் தொண்ணூறுக்கு மேல காட்டுது. அண்ணனத் தூக்கி எறக்கி, ராப்பகலா பாத்து, அவங்க ஒடம்ப அவங்க பாக்கல. மாத்திரயும் ஒழுங்கா போடல. இதுல தீபத்துக்கு வெரதம் வேறயாம். நான் சொன்னா சிரிச்சிட்டுப் போறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்கக்கா. நீங்க அங்க இதே வேலதானே பாக்கறீங்க. சொல்லுங்க."

எனக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அண்ணி போய்விட்டால் அண்ணனும் போய்விடுவார், ஒரு மாசம்கூடத் தாங்க மாட்டார். அண்ணனிடம் வராத வாய் அண்ணியிடமாவது வர வேண்டும். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வேலையில் செய்கிற மாதிரி, முதலில் நலம் விசாரிப்பு, பிறகு ஒரு கேள்வி, பிறகு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அண்ணி முகம் வீங்கியிருந்தது. நான் கேள்விக்கு வருமுன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"உமா, நானே உனக்குப் போடலாம்னு இருந்தேன். இந்த வருசம் தீபத்துக்கு ஒண்ணு வேண்டிக்கினேன்."

"அண்ணி, அதப் பத்திதான் நானும் பேசணும். செல்வி சொல்லிச்சு. உங்களுக்கு பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. இந்த வருசம் வெரதம் வேணாங்க. இருந்தே தீரணும்னா மாத்திரய மட்டுமாவது போட்டுக்குங்க."

"தண்ணி இல்லாம மாத்திர எப்டிம்மா எறங்கும்?"

"ஒரு வாய் தண்ணியோட போடுங்க. சாமி ஒண்ணும் கோச்சிக்காது. போன வருசம் இன்னா ஆச்சுன்னு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேம்மா. அதான் சொல்றேன்." அண்ணி கேமராவுக்குக் கிட்டே வந்தார். "நடுவுல வெரதத்த முறிச்சிட்டு அவர இட்டுனு போயிருந்தா இன்னா ஆயிருக்குமோ. எத்தினி பேரு அதே ஆஸ்பத்திரியில அன்னிக்கே போய்ட்டாங்க தெரியுமா? அவரு கடைசி வரிக்கும் இருந்து தீபத்த பாத்தாரு. அதனாலதான் உசுர மட்டுமாவது விட்டு வெச்சாரு அண்ணாமலையாரு. நீ கூட அன்னிக்கு புரிஞ்சிக்கினு சரின்னு சொன்னியே. நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், எங்க உமா லண்டன்ல ஆஸ்பத்திரியில வேல பாக்கறவ, அவளே சரின்னுச்சுன்னு."

நான் எழுதி வைத்த தாளை மடித்துவிட்டேன்.

அங்கேதான் நான் உடைந்தேன். ஒரு வருஷமாக அந்தச் "சரி" என்னை மட்டும்தான் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது அங்கே ஒரு சாட்சியாகிவிட்டது, ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. இனி எங்கள் தெருவில் யாருக்காவது தீபத்தன்று வாய் கோணினால், உமாவே சொல்லிச்சு என்பார்கள். இப்போது நான் அண்ணியிடம், "அன்றைக்கு நான் தப்பு செய்துவிட்டேன், நாம் தாமதித்ததால்தான் அவருக்குப் பேச்சு போனது" என்று சொல்ல வேண்டும். அது உண்மை. அதைச் சொன்னால், ஒரு வருஷமாக அவரைத் தூக்கி இறக்குகிற பெண்ணிடம், இது உன் பாயசத்தால் வந்தது என்று சொன்ன மாதிரி ஆகும். அண்ணியை நிற்க வைத்திருப்பது அந்த ஒரு நம்பிக்கைதான் என்பதும் எனக்குத் தெரிந்தது. நிற்க வைப்பதே அவரைக் கொல்லவும் போகிறது என்பதும் தெரிந்தது.

"அவருக்குப் பேச்சு திரும்பி வரணும்" என்றார் அண்ணி. "நம்ம வீட்டு மனுசங்க எல்லாரும் இந்த வருசம் வாயில ஒண்ணும் படாம இருக்கறதா வேண்டிக்கினேன். கூடப் பொறந்தவ நீ. நீயும் இருக்கணும். இருப்பியா?"

போனைத் திருப்பி அண்ணனைக் காட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். பேசும்போது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஆங்" என்றார். பிறகு மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி, "ஆங்."

"இருக்கேன் அண்ணி" என்றேன்.

செல்விக்கு இன்னும் நான் பதில் அனுப்பவில்லை.

7

இன்று தீபம். எனக்கும் ரத்த அழுத்தம் உண்டு, இரண்டு வருஷமாக. தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. ஒரு நாளும் விட்டதில்லை, விடுகிறவர்களை நான்தான் திட்டுவேன். காலையில் எழுந்து குளித்து அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு அந்த ஒரு நாளே போதும் என்பதும் தெரியும். நான் இங்கே இதை விழுங்கினால் அண்ணனுக்கு வரவிருக்கிற பேச்சு வராமல் போகுமா? போகாது. நூறு தடவை கேட்டாலும் போகாது என்றுதான் சொல்வேன். மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன்.

கிளினிக்கில் குளிர்காலம் வந்தால் ஊழியர்களுக்கும் பரிசோதனை. இன்று என் முறை. ஒன்பதரைக்கு ஜேனட் என்னை உட்கார வைத்து, கையில் பட்டையைக் கட்டி, பொத்தானை அழுத்தினாள். எண்ணைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"உனக்கு இவ்வளவு இருக்காதே, உமா. காலையில் மாத்திரை போட்டாயா?"

"போட்டேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அப்படியானால் இந்த அளவு போதவில்லை, டாக்டரிடம் சொல்லிக் கூட்டித் தரச் சொல்கிறேன் என்று கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டாள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என் இடத்துக்கு வந்து, ஹெட்போனை மாட்டி, பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மணி மூன்றேகால் இருக்கும். தீபம் ஏற இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.